வாரம் பார்த்த படங்களை எப்படிக் குறித்து வைக்கிறீர்கள்?

மூன்றாம்வரிசை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த விஷயம் இது.

ஆறு வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை இரவு படம் ஒன்றைப் போட்டு உட்கார்ந்தேன். நாற்பது நிமிடம் ஓடியிருக்கும். ஒரு பெண் மேசையை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டே வருகிறாள். ஒரு மூலைக்கு வந்ததும் கை அப்படியே நின்றுவிடுகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது, இந்தப் படத்தை ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். கதை நினைவில்லை, முடிவும் நினைவில்லை. எப்போது, யாரோடு பார்த்தேன் என்பதும் தெரியவில்லை. அந்தக் கை நின்ற இடம் மட்டும் உள்ளே எங்கோ தங்கியிருக்கிறது. இரண்டு மணி நேரம் முழுதாக உட்கார்ந்து பார்த்த ஒன்று இப்படிக் கரைந்து போயிருக்கிறதே என்று மனசு கஷ்டப்பட்டது. மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

முதல் வருடம் எல்லாவற்றையும் எழுதினேன். பெயர், இயக்குநர், நடிகர்கள், ஒளிப்பதிவாளர், ஓடும் நேரம், ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம். கூடவே "நல்ல படம், ஒளிப்பதிவு அருமை, இரண்டாம் பாதி இழுவை" என்று ஒரு வரி. வருடக் கடைசியில் திருப்பிப் பார்த்தால் அந்த நோட்டில் பாதிப் படங்கள் எனக்கு யாரோ பார்த்த படங்களாகத் தெரிந்தன. இயக்குநர் பெயரும் நேரமும் எங்கே தேடினாலும் கிடைக்கும். கிடைக்காதது நான் என்ன பார்த்தேன் என்பது. அதைத்தான் எழுதாமல் விட்டிருந்தேன்.

இப்போது நான்கே விஷயம் எழுதுகிறேன். தேதி, படம், எங்கே யாரோடு பார்த்தேன், மனதில் நின்ற ஒரே ஒரு காட்சி அல்லது சத்தம். கடைசி விஷயத்துக்கு இரண்டு வரிக்கு மேல் இடம் கிடையாது. ஞாயிறு இரவு அந்த வாரத்து வரிகளை ஒருமுறை படித்துவிட்டு, கீழே ஒரு கோடு போடுவேன். அவ்வளவுதான்.

போன மாதம் எழுதியதில் ஒன்று: "செவ்வாய் இரவு, தனியாக. கிழவர் கடிதத்தைப் பிரிக்காமலே சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானை மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறார். மழைச் சத்தம் அறைக்குள் கேட்கவில்லை, ஜன்னலில் மட்டும் தெரிகிறது." இதைப் படித்தாலே முழுப் படமும் எனக்குத் திரும்பி வந்துவிடுகிறது.

நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்? நோட்டா, எக்செலா, ஆப்பா? எப்போது எழுதுகிறீர்கள்? ஒரே ஒரு வேண்டுகோள். படப் பெயர்களை இங்கே சொல்ல வேண்டாம். பெயர் வந்துவிட்டால் இழை அந்தப் படத்தைப் பற்றிய விவாதமாக மாறிவிடும்.

---

அட்டவணை எழுதியது:

நல்ல இழை. நான் பதினோரு வருடமாக விரிதாளில் குறித்து வருகிறேன். காகிதத்தைக் குறை சொல்லவில்லை, ஆனால் தேட முடியாது என்பது என்னைப் பொறுத்தவரை பெரிய குறை. அனுபவத்தில் கற்ற சில விஷயங்களைச் சொல்கிறேன்.

தேதியை எப்போதும் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் எழுதுங்கள். 2024-03-09 என்பது போல. 9/3 என்று எழுதினால் ஒரு கணினி அதை மார்ச் 9 என்று படிக்கும், இன்னொன்று செப்டம்பர் 3 என்று படிக்கும். வருடத்தை முன்னால் போட்டால் வெறும் எழுத்தாக வரிசைப்படுத்தினாலும் நாள் வரிசை கெடாது. எனக்கு முதல் இரண்டு வருடத்துத் தேதிகள் இப்படிக் கலைந்து போய், பாதியைக் கையால் திருத்தினேன்.

அடுத்தது பெயர். ஒரே பெயரில் மூன்று நான்கு படங்கள் உண்டு. ஒரு மொழியில் வந்தது இன்னொரு மொழியில் வேறு பெயரில் வரும். தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டு. அதனால் பெயரோடு வெளியான ஆண்டையும் எழுதுவேன். பக்கத்தில் ஐஎம்டிபி என்ற படத் தகவல் தளத்தின் எண்ணையும் ஒட்டிவிடுவேன். டிடி (tt) என்ற இரண்டு எழுத்தில் தொடங்கி ஏழு அல்லது எட்டு இலக்கம் வரும், படத்தின் பக்க முகவரியிலேயே இருக்கும். பெயர் எப்படி மாறினாலும் அந்த எண் அந்தப் படத்தை மட்டுமே காட்டும்.

ஓடும் நேரத்தைப் பற்றி ஒரு சின்னத் தகவல். சிலர் "தளத்தில் 120 நிமிடம் என்று போட்டிருக்கிறது, என் டிவிடியில் 115 தான் ஓடுகிறது, ஐந்து நிமிடத்தை வெட்டிவிட்டார்கள்" என்று வருத்தப்படுவார்கள். பெரும்பாலும் வெட்டியிருக்க மாட்டார்கள். திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம் (ஃபிரேம்). பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் வந்த டிவிடிகள் நொடிக்கு 25. அப்படியே ஓட்டினால் படம் சுமார் 4 சதவீதம் வேகமாக முடிந்துவிடும். 120 நிமிடப் படம் 115 நிமிடம் 12 நொடிக்கு வந்துவிடும். குரல்களும் கொஞ்சம் மேல் சுருதியில் கேட்கும். நேரத்தைக் குறிப்பதாக இருந்தால் எந்தப் பிரதி என்பதையும் குறியுங்கள்.

---

ஒருவரி எழுதியது:

பார்த்த படங்களைக் குறிக்கும் லெட்டர்பாக்ஸ்ட் தளம் போதும் நண்பரே. படம் முடிந்ததும் போனில் தட்டினால் தேதியோடு டைரியில் ஏறிவிடும். மறுபடி பார்த்தால் அதற்கும் தனி அடையாளம் உண்டு. அரை நட்சத்திரம்கூடப் போடலாம். இவ்வளவு வேலை எதற்கு?

---

மூன்றாம்வரிசை எழுதியது:

அட்டவணை சார், 25 சட்டக விஷயம் எனக்குப் புதிது, நன்றி. என்னிடம் இருக்கும் பழைய டிவிடி ஒன்றில் பாட்டுகள் ஏன் வேறு சுருதியில் கேட்கின்றன என்று இப்போது புரிகிறது.

ஒருவரி, அந்தத் தளத்தை நானும் மதிக்கிறேன். 2011-இல் நியூசிலாந்தில் தொடங்கியது, டைரிதான் அதன் உயிர். "பார்த்தேன்" என்று குறிப்பதையும் "இந்தத் தேதியில் பார்த்தேன்" என்று குறிப்பதையும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். சின்ன வயதில் பார்த்து, தேதி தெரியாத படங்களுக்கு இது நல்ல ஏற்பாடு. எங்கே, எதில் எழுதினாலும் சரி. அதில் உங்கள் சொந்த வரி ஒன்று இருக்கிறதா என்பதைத்தான் நான் கேட்கிறேன். நட்சத்திரம் மட்டும் தட்டிவிட்டுப் போனால் நான் முதல் வருடம் செய்த அதே தவறுதான்.

இன்னொன்று, நாம் எழுதி வைத்தது அடுத்தவர் வீட்டில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது. ஐஎம்டிபியில் விவாதப் பலகைகள் இருந்தன. வருடக்கணக்காக மக்கள் எழுதியது. 2017 பிப்ரவரியில் அத்தனையையும் மூடினார்கள். அதே 2017-இல் நெட்ஃபிளிக்ஸ் நட்சத்திரங்களை எடுத்துவிட்டு, பிடித்தது, பிடிக்கவில்லை என்று மட்டும் சொல்லும் கட்டைவிரல் குறியைக் கொண்டுவந்தது. ஐந்து நட்சத்திரத்துக்கும் மூன்று நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒருவர் வைத்திருந்த வித்தியாசத்தைக் கட்டைவிரலில் எப்படிச் சொல்வது? அதனால் எந்தத் தளமானாலும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது உங்கள் தரவை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

நான் சொல்லப்போவது கொஞ்சம் எதிர்த் திசை. குறித்து வைத்ததால் நான் படம் பார்ப்பதே கெட்டுப்போனது.

மூன்று வருடத்துக்கு முன் ஆண்டுக்கு 300 படம் என்று இலக்கு வைத்தேன். கணக்குப் போட்டால் வாரத்துக்கு ஆறு படம் போதாது, சராசரியாக 5.77, சில வாரம் விட்டால் அடுத்த வாரம் எட்டு. ஜூன் மாதத்துக்குள் படங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையே மாறிவிட்டது. மூன்று மணி நேரப் படமென்றால் தள்ளிப்போடுவேன். எண்பது நிமிடமென்றால் எதுவானாலும் பார்ப்பேன். அக்டோபரில் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்ட ஆரம்பித்தேன். ஒரு படத்தில் இரண்டு பேர் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நீண்ட காட்சி. அதை வேகமாக ஓட்டினேன். ஓட்டி முடித்த பிறகு, இந்தப் படத்தில் இருந்ததே அந்த மௌனம்தானே, அதையே தாண்டி வந்துவிட்டேனே என்று தோன்றியது. அன்றோடு நிறுத்திவிட்டேன். அந்த வருடக் கணக்கு 261-இல் நிற்கிறது.

இப்போது எதையும் குறிப்பதில்லை. ஆனால் மூன்றாம்வரிசை எழுதிய அந்தக் கிழவர், கடிதம், பொத்தான் வரியைப் படித்ததும் ஆசையாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். எண்ணிக்கையில் சிக்காமல் குறிப்பது எப்படி?

---

அட்டவணை எழுதியது:

முதலில் ஒரு சின்னத் திருத்தம் நண்பரே. 300-ஐ 52-ஆல் வகுத்தால் 5.77 என்பது சரி. அப்படியென்றால் வாரம் ஆறு படம் போதும், கொஞ்சம் மிச்சம்கூட வரும். நீங்கள் தவறவிட்ட வாரங்கள்தான் உங்களை அழுத்தியிருக்கின்றன.

ஆனால் நீங்கள் சொல்லும் விஷயம் உண்மை. என் விரிதாளில் ஒரு காலத்தில் மொத்த எண்ணிக்கை மேலே பெரிய எழுத்தில் தெரியும். அதை மறைத்துவிட்டேன். வரிகளுக்கு எண் போடுவதையும் நிறுத்திவிட்டேன். எண்ணிக்கை வேண்டுமென்றால் எப்போது வேண்டுமானாலும் எண்ணிக்கொள்ளலாம், கண்ணெதிரே நிற்க வேண்டியதில்லை. உங்கள் வாரக் குறிப்பில் "இந்த வாரம் எதுவும் பார்க்கவில்லை" என்று எழுத ஒரு இடம் வையுங்கள். அதை எழுதிப் பழகிய பிறகு எனக்கு அவசரம் போய்விட்டது.

---

கடைசிரீல் எழுதியது:

"எப்போது எழுதுவது" என்ற கேள்விக்கு என் பங்கு.

நான் படிப்பிக்கும் வேலையில் இருக்கிறேன், நினைவு பற்றிக் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி சீராக நடப்பதில்லை. முதல் சில மணி நேரத்தில் சரசரவென்று இறங்கி, அப்புறம் மெதுவாகிவிடும். படம் பொருளில்லாத அசை இல்லைதான், அதனால் அவருடைய அளவுகளை இங்கே கொண்டுவரக் கூடாது. ஆனால் அந்த வளைவின் வடிவம் நமக்கும் பொருந்துவதை நானே பார்த்திருக்கிறேன். இரவு பார்த்ததை மறுநாள் காலையில் எழுதினால் காட்சி வரும். ஒரு வாரம் கழித்து எழுதினால் கருத்து மட்டும்தான் வரும்.

இன்னொன்று ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் 2006-இல் செய்த ஆய்வு. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. இதை நான் படத்துக்கு இப்படிப் பயன்படுத்துகிறேன். படம் முடிந்ததும் போனைத் தொடுவதில்லை. விமர்சனம் படிப்பதில்லை, நடிகர் பெயர்கூடத் தேடுவதில்லை. விளக்கைப் போடுவதற்கு முன்னால் கண்ணை மூடி, முதலில் எந்தக் காட்சி வருகிறது என்று பார்ப்பேன். அதை எழுதிய பிறகுதான் மற்றதெல்லாம். விமர்சனத்தை முதலில் படித்துவிட்டால் விமர்சகர் சொன்ன காட்சி என் காட்சியாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நாள் ஆனது. என் பழைய குறிப்புகளில் "கண்ணாடியில் தெரியும் முகம் அவனுடைய இரட்டை மனநிலையைக் காட்டுகிறது" என்று ஒரு வரி இருக்கிறது. சத்தியமாக அது என் வரி இல்லை. எங்கோ படித்தது. அந்தப் படத்தில் நான் பார்த்தது என்ன என்பது இனி தெரியப்போவதில்லை.

பெயர் நினைவில்லையென்றால் விட்டுவிடுங்கள். "அந்த உயரமான தம்பி" என்று எழுதுங்கள். பெயரை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

கடைசிரீல், விமர்சனத்தை முதலில் படிக்கக் கூடாது என்பதை நான் நோட்டின் அட்டையிலேயே எழுதப்போகிறேன். எனக்கும் இது நடந்திருக்கிறது. ஞாயிறு இரவு மொத்தமாக எழுதிய காலத்தில்தான் அதிகம் நடந்தது. இப்போது அன்றன்றைக்கு எழுதிவிட்டு, ஞாயிறு வெறுமனே படிக்கிறேன். அப்படிப் படிக்கும்போது நான்கைந்து படங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒருமுறை ஒரே வாரத்தில் பார்த்த நான்கு படத்திலும் நான் எழுதியிருந்தது கதவைப் பற்றி. கதவு சாத்தும் சத்தம், பாதி திறந்த கதவு, பூட்டைத் தேடும் கை. படங்களுக்குள் ஒரு சம்பந்தமும் கிடையாது. அந்த வாரம் நான் கதவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவ்வளவுதான். வாரக் கணக்காகப் பிரித்து வைத்ததால்தான் அது கண்ணில் பட்டது.

---

இடைவேளை எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், இன்றுதான் எழுத முடிந்தது. வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. ஒரு படத்தை ஒரே மூச்சில் பார்த்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. திங்கள் இருபது நிமிடம், புதன் நாற்பது நிமிடம், வெள்ளி தூங்கி வழிந்துகொண்டே பதினைந்து நிமிடம். இப்படிப் பார்ப்பதை எந்தத் தேதியில் குறிப்பது? இதைப் "பார்த்தேன்" என்று சொல்லலாமா என்றே சில சமயம் தெரியவில்லை. நிறையப் படம் பாதியிலேயே நிற்கிறது. குறிக்க ஆரம்பித்தால் வெறும் பாதிகளின் பட்டியலாகத்தான் இருக்கும்.

இன்னொரு சிக்கல். நெட்ஃபிளிக்ஸில் பார்த்தவற்றின் பட்டியலைக் கோப்பாக இறக்கலாம் என்று யாரோ சொன்னார்கள், இறக்கினேன். பெயரும் தேதியும் இருக்கிறது. ஆனால் வீட்டில் எல்லோரும் ஒரே புரொஃபைலில் பார்ப்பதால் எது நான் பார்த்தது என்று தெரியவில்லை.

---

கடைசிரீல் எழுதியது:

இடைவேளை, தாராளமாகப் பார்த்தேன் என்றே சொல்லுங்கள்மா. புத்தகத்தை யாரும் ஒரே மூச்சில் படிப்பதில்லை, ஆனாலும் படித்தேன் என்றுதான் சொல்கிறோம்.

---

அட்டவணை எழுதியது:

நடைமுறைக்கு ஒரு வழி. முடித்த நாளைத் தேதியாகப் போடுங்கள். தொடங்கிய நாளுக்கு இன்னொரு கட்டம். பாதியில் நிற்கும் படங்களுக்கு நின்ற நிமிடத்தை எழுதுங்கள், "47-ஆவது நிமிடம், இருவரும் ரயிலில்" என்பது போல. மூன்று வாரம் கழித்துத் தொடரும்போது அந்த ஒரு வரி உங்களைச் சரியாக உள்ளே கொண்டுபோய் விடும். பாதியில் விட்டதையும் ஏன் விட்டீர்கள் என்று எழுதுங்கள். தூக்கமா, பிடிக்கவில்லையா, குழந்தை அழுததா. இந்த மூன்றும் மூன்று வேறு விஷயம். ஒரு வருடம் கழித்து எதற்குத் திரும்பிப் போகலாம் என்பதை அதுதான் சொல்லும்.

இறக்கிய கோப்பைப் பற்றி: அது கணக்கில் ஓடியதைச் சொல்லும், நீங்கள் பார்த்ததைச் சொல்லாது. இனிமேலாவது உங்களுக்கென்று தனி புரொஃபைல் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியலில் நினைவுக்கு வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

தானாகவே குறிக்கும் வசதிகளும் இருக்கின்றன. டிராக்ட் என்ற தளத்தைக் கோடி (Kodi), பிளெக்ஸ் போன்ற படம் ஓட்டும் மென்பொருள்களோடு இணைத்துவிட்டால் ஓடியது அதுவாகவே பதிவாகும். நான் சில மாதம் பயன்படுத்தினேன். ஒன்றும் விட்டுப்போகாது. ஆனால் என் கை படாமல் சேர்ந்த பட்டியலை நான் ஒருநாளும் திறந்து படிக்கவில்லை.

---

ஒருவரி எழுதியது:

ஒரு உதவி வேண்டும். மூன்றாம்வரிசை சொன்னதைக் கேட்டு என் தரவை இறக்கினேன். நான் தமிழில் எழுதிய குறிப்புகள் எல்லாம் எக்செலில் திறந்தால் புள்ளியும் கோடும் வெளிநாட்டு எழுத்துமாக வருகிறது. எல்லாம் போய்விட்டதா?

---

அட்டவணை எழுதியது:

ஒன்றும் போகவில்லை, பதறாதீர்கள். முக்கியமாக, அப்படித் திறந்த கோப்பைச் சேமித்துவிடாதீர்கள். சேமித்தால்தான் கெடும்.

அந்தக் கோப்பு யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் இருக்கிறது. இரட்டைச் சொடுக்கில் திறக்கும்போது எக்செல் அதை வேறு முறை என்று நினைத்துப் படிக்கிறது. காலி விரிதாள் ஒன்றைத் திறந்து, டேட்டா பகுதிக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து இறக்குமதி என்பதைத் தேர்ந்தெடுங்கள். எந்த எழுத்து முறை என்று கேட்கும் இடத்தில் 65001 யூனிக்கோட் யுடிஎஃப்-8 என்பதைக் காட்டுங்கள். தமிழ் சரியாக வந்துவிடும். அது சிரமமென்றால் கூகுள் ஷீட்ஸில் ஏற்றுங்கள், பெரும்பாலும் அதுவே புரிந்துகொள்ளும்.

---

ஒருவரி எழுதியது:

வந்துவிட்டது!! நான்கு வருடத்துக் குறிப்பு. ரொம்ப நன்றி சார். உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன், நான் நட்சத்திரம் மட்டும் போட்ட படங்களைவிட ஒரு வரி எழுதிய படங்கள்தான் நினைவுக்கு வருகின்றன. "கடைசிக் காட்சியில் அம்மா ஞாபகம்" என்று ஒன்றில் எழுதியிருக்கிறேன். அந்தப் படத்தில் அம்மா பாத்திரமே கிடையாது. ஆனால் ஏன் எழுதினேன் என்று எனக்குத் தெரிகிறது.

---

பழையநோட்டு எழுதியது:

இளையவர்கள் பேசுவதைப் பார்த்து மகிழ்ச்சி. நான் பள்ளி நாளிலிருந்து எழுதுகிறேன். இப்போது எழுபதைத் தொடுகிறேன். மொத்தம் இருபத்திரண்டு நோட்டுகள்.

தொடக்கத்தில் எனக்கு முன்மாதிரி ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். தமிழ்ப் படங்களின் விவரங்களைத் தனி ஒருவராகச் சேர்த்து வைத்த மனிதர். 2016-இல் காலமானார். யாராவது ஒருவர் உட்கார்ந்து குறித்து வைத்தால்தான் பின்னால் வருகிறவர்களுக்கு விவரம் மிஞ்சும் என்பதை அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். கோல் நீடம் என்ற ஆங்கிலேயரும் அப்படித்தான். தான் பார்த்த படங்களின் விவரங்களைக் கணினியில் சேர்த்துக்கொண்டிருந்தவர். அவரும் யூஸ்நெட் என்ற பழைய கணினி விவாதக் குழுவில் இருந்த மற்ற ஆர்வலர்களும் சேர்த்த பட்டியல்கள்தான் 1990-இல் நீங்கள் சொல்லும் ஐஎம்டிபியாகத் தொடங்கின.

என் நோட்டுகளில் முதலில் படப் பெயர், நடித்தவர், இசை என்று வரிசையாக இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு என் மனைவி பக்கத்தில் "நானும்" என்று எழுத ஆரம்பித்தாள். அவளும் கூட வந்த படங்களுக்கு மட்டும். கையெழுத்து சின்னதாக, பச்சை மையில். முப்பத்தோரு வருடம் எழுதினாள். கடைசி மூன்று நோட்டில் பச்சை மை இல்லை.

இப்போது அந்த நோட்டுகளை எடுத்தால் நான் எழுதிய விமர்சனத்தை நான் படிப்பதில்லை. பச்சை மை இருக்கும் வரிகளைத்தான் தேடுகிறேன். அதனால் மூன்றாம்வரிசைத் தம்பி "யாரோடு" என்று ஒரு இடம் வைத்திருப்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. எதை விட்டாலும் அதை விட்டுவிடாதீர்கள். கூட இருந்தவர் கையாலேயே ஒரு வார்த்தை எழுதச் சொல்லுங்கள்.

---

மூன்றாம்வரிசை எழுதியது:

ஐயா, இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை. நேற்று தங்கையோடு ஒரு படம் பார்த்தேன். முடிந்ததும் நோட்டை அவளிடம் கொடுத்தேன். ஏன் என்று கேட்டாள், ஒரு வார்த்தை எழுது என்றேன். "செருப்பு" என்று எழுதினாள். படத்தில் செருப்பு எங்கே வந்தது என்று எனக்குச் சுத்தமாக நினைவில்லை. அவள் சொன்ன பிறகுதான் அந்தக் காட்சியே வந்தது.

---

நள்ளிரவுக்காட்சி எழுதியது:

நட்சத்திரம் பற்றி யாரும் முழுதாகப் பேசவில்லை. எனக்கு அது வேண்டாம் என்றே தோன்றுகிறது. அதே படத்துக்கு ஒரு வருடம் நான்கு போட்டிருக்கிறேன், மறுவருடம் இரண்டரை. படம் மாறவில்லை. முந்தின நாள் ஒரு பெரிய படம் பார்த்திருந்தால் அடுத்த படம் சின்னதாகத் தெரிகிறது.

---

அட்டவணை எழுதியது:

இங்கே நான் மாறுபடுகிறேன். நான்கும் இரண்டரையும் உங்களிடம் இருப்பதால்தானே உங்கள் பார்வை மாறியது தெரிகிறது? நட்சத்திரத்தை வைத்துக்கொள்ளலாம், பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போடுவதுதான் கூடாது. மறுபடி பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் புது வரி. என்னிடம் ஒரு படம் ஆறு வரியில் இருக்கிறது, ஆறுக்கும் வேறு வேறு மதிப்பெண். நண்பர்கள் "என்ன பார்க்கலாம்" என்று கேட்டால் வடிகட்டிக் கொடுக்கவும் நட்சத்திரம் உதவுகிறது.

எழுதவே பிடிக்காதவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இயக்குநர் ஸ்டீவன் சோடர்பெர்க் வருடா வருடம் தான் பார்த்ததையும் படித்ததையும் நாள் வாரியாக வெளியிடுகிறார். கருத்து கிடையாது, மதிப்பெண் கிடையாது, வெறும் பெயர்கள். அதைப் படித்தாலே ஒரு மனிதர் எந்த நாட்களில் எதற்குள் மூழ்கியிருந்தார் என்று தெரிகிறது. தேதியும் பெயரும் மட்டுமே போதும் என்கிறவர்கள் தயங்காமல் அதையே செய்யுங்கள்.

---

கடைசிரீல் எழுதியது:

அந்தப் பட்டியல் வெளியிடுவதற்காகச் செய்வது. நமக்குப் பொதுவில் எழுதுவதும் நோட்டில் எழுதுவதும் வேறு வேறாக இருப்பது நல்லது. நான்கு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தால் வாக்கியம் தானாக அழகாகிவிடும். பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதக் கை வராது. எனக்கு அழுகை வந்த படங்களைப் பொதுவில் "உணர்வுபூர்வமான படம்" என்று எழுதியிருக்கிறேன். நோட்டில் "அழுதேன், பத்து நிமிடம்" என்று இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பயன்படுகிறது.

---

இடைவேளை எழுதியது:

மூன்று வாரம் ஆகிறது, எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன். கைக்கு அடக்கமான ஒரு சின்ன நோட்டை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். போன வாரம் எழுதியதை அப்படியே தருகிறேன்.

"திங்கள். 22-ஆவது நிமிடம் வரை. அவர் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறார். குழந்தை எழுந்துவிட்டாள்.

வியாழன். 22 முதல் 61. வண்டியிலிருந்து ஏன் இறங்கவில்லை என்று இப்போது தெரிந்தது. ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தேன், பாதி வசனம் உதட்டில்தான் படித்தேன்.

சனி. முடிந்தது. கடைசிப் பத்து நிமிடம் குழந்தை மடியில் விழித்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். நீலம் வந்தபோதெல்லாம் கையை நீட்டினாள்."

ஒரு வாரத்துக்கு ஒரே படம்தான். ஆனால் அந்த வாரம் முழுக்க அந்தப் படத்துக்குள்தான் இருந்தேன். வியாழன் வரை அவர் ஏன் இறங்கவில்லை என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்னச் சந்தேகம். "யாரோடு" என்ற இடத்தில் குழந்தையின் பெயரை எழுதலாமா? அவள் பார்த்தது பத்து நிமிடம்தான்.

---

பழையநோட்டு எழுதியது:

எழுதும்மா. நிமிடத்தையும் சேர்த்து எழுது. கையில் பென்சிலைக் கொடுத்து ஒரு கிறுக்கலும் வாங்கிவிடு.